ரிட்டர் முக்கில் காற்று இல்லை

ரேடியோவில் நான்காம் எண் பதில் சொல்லி முடித்ததும் நதீன் வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். அந்த மூச்சு, செத்துப்போன ஐந்தாம் எண் ஆர்வில் பெட்டிட்டுக்கானது. மில்பர்ன் வட்டாரத்தில் புயலைக் கவனிக்கப் போகிறவர்களுக்கு ரேடியோவில் பெயர் கிடையாது, எண்தான். ஒருவர் செத்துப்போனால் அவருடைய எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. வரிசையாகக் கூப்பிடும்போது அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டு அடுத்த எண்ணுக்குப் போவார்கள். நான்கு வருடமாக அந்த மூச்சுக்குள் இரைச்சல் மட்டுமே இருந்தது.

"அஞ்சு," என்றது ரேடியோ. "ரிட்டர் முக்கு. மேற்க பாத்து நிக்கிறேன். மேகத்துக்கு அடியில சுத்துது, அம்மணி. இன்னும் தரையத் தொடல."

பேனா தாளின் மேல் அப்படியே நின்றது.

சமையலறை மேசையில் ரேடியோவும் கணினியும், அடுப்பில் மிளகாயும் அவரையும் மாட்டிறைச்சியும் சேர்ந்து கொதிக்கும் பெரிய பானை, துணி மூடிய தட்டில் லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்கள். புயல் கடந்ததும் எல்லோரும் சேற்றுக் காலோடு இங்கேதான் சாப்பிட வருவார்கள். மாலை ஐந்தே முக்கால். மே மாதத்து வெளிச்சம் இன்னும் மூன்று மணி நேரம் இருக்க வேண்டியது. ஆனால் கண்ணாடிக்கு வெளியே கோதுமை வயல் பாசி படிந்த குளத்தின் அடியில் கிடப்பதுபோலப் பச்சையாய்க் கிடந்தது. வராந்தாவில் தொங்கிய மணிகள் அசையவில்லை. ஈர மண்ணின் வாசனையும் எரிந்த கம்பியின் வாசனையும் ஜன்னல் இடுக்கில் வந்துகொண்டிருந்தன.

அவளை "அம்மணி" என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

"யாருடா அது அஞ்சுல விளையாடுறது?" முறை வராமலே லீலண்ட் குறுக்கே வந்தான். அவள் கணவன், ஏழாம் எண். அவன் டிரக்கின் கண்ணாடித் துடைப்பான் தட்டுவதும் ஆலங்கட்டி கூரையில் சிதறுவதும் அவன் குரலோடு சேர்ந்து கேட்டன. "ஆர்வில் மாதிரியே பேசறான், நாசமாப் போறவன்."

"ஏழு, உன் முறை வரும்போது பேசு."

"வீட்லதான் முப்பத்தெட்டு வருஷமா முறை பாக்கற. இங்கயுமா, கிழவி?"

எட்டாம் எண், கெண்ட்ரா, பால்பண்ணைக்காரி, சிரித்தாள். "லீலண்ட், இன்னிக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது. பானை அவங்க கையில இருக்கு."

நதீனும் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லீலண்டின் பின்னால் காற்று இருந்தது. கெண்ட்ராவின் பின்னால் காற்று இருந்தது. நாலாம் எண்ணின் பின்னால் மழை. அந்த ஐந்தின் பின்னால் ஒன்றுமே இல்லை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறைக்குள்ளிருந்து பேசியதுபோல.

போன் அடித்தது. வானிலை அலுவலகத்திலிருந்து பிரெண்ட்.

"ரேடியோவுல மேற்கே சுழல்னு சொன்னது உங்க ஆள்தானே? இப்பத்தான் ராடார்ல லேசாத் தெரியுது. எங்களுக்கு மூணு நிமிஷம் முந்திட்டான். யாரு, புது ஆளா?"

செத்த ஆள் என்று எப்படிச் சொல்வாள்? "விசாரிக்கிறேன்," என்றாள்.

விசாரிக்கவில்லை. அடுத்த சுற்றில், நாலுக்குப் பிறகு, அவள் விட்ட மூச்சு முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அவளுக்கே அது தெரிந்தது.

"அஞ்சு. ரிட்டர் முக்கு. டன் ரோட்டுல கோழிமுட்டை அளவு ஆலங்கட்டி விழப்போவுது." விழுந்தது. "அஞ்சு. ரிட்டர் முக்கு. தும்பிக்கைய இறக்கிடுச்சு, அம்மணி. லூத்தரன் கோயில் பக்கம் போவுது." நதீன் கோயிலுக்குப் போன் போட்டாள். பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த பதினோரு பேர் நிலவறைக்குள் இறங்கிய நாலாவது நிமிடம் கோயிலுக்குக் கூரை இல்லை.

"பதினோரு உசிரு," என்றான் பிரெண்ட் போனில், குரல் உடைந்து. "அந்த அஞ்ச விட்றாதீங்க."

லீலண்ட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன நம்பாத, நதீன். பேரு சொல்லாதவன் சொல்ற சேதி எனக்கு வேண்டாம்."

"சொன்னது எல்லாம் உண்மையா இருக்கே, லீலண்ட்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அவளுடைய பயம் வேறு. நான்கு வருடத்துக்கு முன் இதே மேசையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, ரிட்டர் முக்கில் நின்ற ஆர்விலிடம் போனில், "இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டுக் கிளம்பு," என்று சொன்னவள் அவள்தான். "சரிங்க அம்மணி," என்றான் அவன். அவனுடைய டிரக்கை ஓடைக்குள்ளிருந்து எடுத்தார்கள். அவள் சொன்னது லீலண்டைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆகையால் இந்தக் குரல் அவளிடம் கோபமில்லாமல், பணிவாக, உயிர்களைக் காப்பாற்றிக் கொடுத்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ ஒரு பழைய முடிச்சு இளகியது. மன்னித்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆறரைக்கு வராந்தா மணிகள் ஒரே நேரத்தில் எல்லாம் அடித்தன. ஊர்ச் சங்கு ஊத ஆரம்பித்தது. ரேடியோவில் லீலண்ட்.

"நதீன், எனக்கு ஒண்ணும் தெரியல. மழை வெள்ளைச் சுவரா நிக்குது. நாலுரோட்டுல நிக்கிறேன். வடக்க கல்லு மழை, மேற்க வந்த வழி போச்சு. தெற்கயா, கிழக்கயா? சீக்கிரம்."

அவள் கணினியைப் பார்த்தாள். ராடார் படத்தில் தெற்கு மழையில்லாமல் வெளுத்துக் கிடந்தது. படத்தின் மூலையில் நேரம் இருந்தது, ஆறு நிமிடம் பழசு. இந்த வேலையில் இருக்கிறவர்கள் முதலில் படிக்கும் பாடம் அது: திரையில் தெரிவது இப்போதைய புயல் அல்ல. ஆறு நிமிடத்தில் புயல் ஐந்து மைல் போய்விடும். நேற்று சேர்ந்த ஒன்பதாம் எண்ணுக்கு, பள்ளி ஆசிரியர் டுவெய்னுக்கு, அவளே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அஞ்சு," என்றது குரல், கூப்பிடாமலே. "ரிட்டர் முக்கு. தெற்க ரோடு காலியா இருக்கு. ஏழ இங்க அனுப்புங்க, அம்மணி."

"அவன் சொல்றத விடு," என்றான் லீலண்ட். கல் விழும் சத்தத்துக்கு மேலே கத்தினான். "நீ சொல்லு. உன் வார்த்தைக்கு நான் வண்டியத் திருப்புறேன்."

"தெற்க," என்றாள்.

"இது உன் வார்த்தையா, அவனோடதா?"

மைக்கின் பொத்தான் கட்டைவிரலுக்கடியில் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னோடது."

"சரி, கிழவி. பானைய இறக்கி வை. வந்துட்டேன்."

டிரக் திரும்பும் உறுமல் கேட்டது. போன் அடித்தது.

"நதீன், புதுப் படம் வந்திருக்கு." பிரெண்ட் மூச்சு வாங்கினான். "ரெண்டாவது ஒண்ணு மழைக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கு. ஒரு மைல் அகலம். ரிட்டர் முக்கு அதுக்குள்ள இருக்கு. உங்க அஞ்ச அங்கேருந்து... நதீன், அங்க மனுஷன் நிக்க முடியாது. அவன் எங்கேருந்து பேசறான்?"

போனைக் கீழே போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தாள். "ஏழு! திரும்பு! ஏழு, கிழக்க போ!"

"மழை விலகுது," என்றான் லீலண்ட். அவள் பேசியது அவனுக்குக் கேட்கவில்லை. அவள் பேசும்போதே அவனும் பொத்தானை அமுக்கியிருந்தான்; அமுக்கியவனுக்கு எதிர்க்குரல் கேட்காது. "நல்லவேளை. வெளுத்துடுச்சு. முன்னால கறுப்பா ஒரு... நதீன், என்னது இது? நகரல. இடப்பக்கமும் போகல, வலப்பக்கமும் போகல. அப்படியே நிக்குது."

பக்கவாட்டில் நகராத சுழற்காற்று நிற்பதில்லை. நேராக வருகிறது. அவனுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"ஓ," என்றான். சின்னதாக. ஏதோ மறந்துவிட்டு வந்தவன்போல. பிறகு, "உன் வார்த்தைன்னு சொன்னியே," என்றான்.

இரைச்சல்.

அடுப்பில் பானை பொங்கி வழிந்தது. கருகும் வாசனை. அவள் எழுந்திருக்கவில்லை. சங்கு. மணிகள். இரைச்சல். எத்தனை நேரம் என்று தெரியவில்லை.

"நதீன்?" கெண்ட்ராவின் குரல். அழுகை கலந்திருந்தது. "நான் எட்டு. எனக்கும் கண்ணு தெரியல. மழை. நாலுரோட்டுக்கு வந்துட்டேன். வரிசை கூப்பிடுங்க. யாராவது பேசுங்க."

வரிசை கூப்பிட வேண்டும். அதுதான் வேலை. ஒன்று, பதில். இரண்டு. மூன்று. நான்கு. மூச்சு. அதில் ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல். ஆர்வில் போய்விட்டான். ஆறு, பதில்.

அடுத்து ஏழு.

கூப்பிடலாம். அல்லது ஒரு மூச்சு விடலாம். மூச்சு விட்டால் அவன் செத்தவன்.

"ஏழு," என்றாள்.

"ஏழு," என்றான் லீலண்ட், உடனே, தெளிவாக. "ரிட்டர் முக்கு. வடக்க பாத்து நிக்கிறேன். இங்க காத்தே இல்ல."

துடைப்பான் இல்லை. எஞ்சின் இல்லை. மழை இல்லை. மூடிய அறை.

"அய்யோ லீலண்ட்!" கெண்ட்ரா கத்திவிட்டாள். "உசிர வாங்கிட்ட! தெற்க ரோடு நல்லா இருக்கா?"

"காலியா இருக்கு. எட்ட இங்க அனுப்பு, நதீன்."

"நதீன், போகட்டுமா? தெற்கதானே?"

கெண்ட்ராவுக்கு முப்பத்தொரு வயது. போன ஞாயிறுதான் இந்த மேசையில் உட்கார்ந்து, மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன், யாரிடமும் சொல்லாதீங்க என்றாள். 'வேண்டாம்' என்று ஒரு சொல். அதைச் சொல்ல வேண்டுமானால், பேசியது லீலண்ட் இல்லை என்று சொல்ல வேண்டும். லீலண்ட் இல்லை என்று சொல்ல வேண்டும். செத்துவிட்டான் என்று, எல்லோரும் கேட்க. அவள் வாயால்.

பொத்தானை அமுக்கினாள். வாயைத் திறந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று விநாடி அவளுடைய சமையலறையின் அமைதி வட்டாரம் முழுக்க ஒலிபரப்பானது. விரல் விலகியது.

"சரி, லீலண்ட் சொன்னா போதும்," என்றாள் கெண்ட்ரா. "திருப்பிட்டேன்."

நதீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பச்சை கறுப்பாகிக்கொண்டிருந்தது. ரேடியோவில் கெண்ட்ராவின் பின்னால் மழைச் சத்தம் மெலிந்தது. மெலிந்தது. கெண்ட்ரா ஏதோ ஒரு சின்னச் சத்தம் போட்டாள்.

பிறகு சுத்தமான, காற்றில்லாத அமைதி.

"எட்டு," என்றாள் கெண்ட்ரா. "ரிட்டர் முக்கு. வடக்க பாத்து நிக்கிறோம்."

நதீனின் கன்னங்களில் நீர் இறங்கியது. வாயில் உப்பு. ரேடியோவுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள், லீலண்டின் மூச்சாவது கேட்குமா என்று. கேட்கவில்லை.

"லீலண்ட்," என்றாள், எண்ணை விட்டு. "லீலண்ட், ஏதாவது பேசேன்."

வெறும் இரைச்சல். அது நீண்டது. அவளால் தாங்க முடியாத அளவுக்கு நீண்டது. பிறகு, காதுக்குள் உதடு வைத்துச் சொல்வதுபோல, முப்பத்தெட்டு வருடத்து அன்போடு:

"நீ கூப்பிட்டாத்தான் நான் பேச முடியும், கிழவி. அடுத்த ஆளக் கூப்பிடு."

எங்கோ மேற்கே, மழைக்குள், டுவெய்ன் வாத்தியார் தன் முறைக்காக மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். கட்டைவிரல் பொத்தானைத் தேடிப் போனது.

"ஒன்பது," என்றாள்.