உள்ளிருந்து மட்டும் திறக்கும் கூடாரம்

அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரைப் பல் டாக்டர் ஊதவே இல்லை. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னங்க, நாக்கு வெந்துடப் போகுது," என்றாள் அவர் மனைவி, டீச்சர்.

சிரித்தார். வாய் ஓயாத மனுஷர் அவர். காலையில் ஏறும்போதுகூட, "இந்த மலைக்குச் சொத்தைப் பல்லு ஜாஸ்தி, பாத்துக் கால வைங்க," என்று மூச்சிரைக்கக் கேலி பேசியவர். கூடாரத்தின்மேல் சேர்ந்த பனியைத் தள்ளிவிட வெளியே போய்த் திரும்பியதிலிருந்து ஒரு சொல் பேசவில்லை.

டீச்சரின் பள்ளித் தோழி தையல்காரி அதைக் கவனித்தும் கவனிக்காதவள்போல் வாசல் ஜிப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதன் வெளிப்பிடி நேற்றே உடைந்துவிட்டது. உள்ளே இருப்பவர்தான் திறந்துவிட வேண்டும். பகல் மூன்று மணிக்கே வெளியே மேடு எது, பள்ளம் எது, வானம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட, காற்று கூடாரத் துணியைப் பிய்த்துவிடுவதுபோல் இழுத்து இழுத்து அடிக்க, கேஸ் நெடியும் ஈரக் கம்பளி வாடையும் மூக்கை அடைக்க, பனியின் பாரத்தில் கூரை அவர்கள் தலையை நோக்கி விரல் விரலாக இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது வெளியிலிருந்து குரல்.

"அம்மா தையல்காரி! திற தாயே. கை மரத்துப் போச்சு."

பல் டாக்டரின் குரல்.

டீச்சருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் கணவர். வெளியிலும் கணவர்.

"திறடி. அது அவருதான்."

"அப்ப இங்க உக்காந்திருக்கறது?"

"தெரியலடி! வெளியில விட்டா விறைச்சே செத்துடுவாரு. திற!"

"எது நெஜம்னு தெரியாம திறக்க மாட்டேன்."

இரண்டு கையாலும் ஜிப்பை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே இருந்தவர் சிரித்த முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிக்குரல் கேலி பேசிப் பார்த்தது. கெஞ்சியது. அழுதது. பிறகு நின்றுபோனது.

"கொன்னுட்டே," என்றாள் டீச்சர். "பள்ளிக்கூடத்துலேருந்து உன்ன நம்பினேனே. கொன்னுட்டியேடி."

"நானாடி கொன்னேன்?"

சொன்னவள் தையல்காரிதான். நாக்கு அசைந்தது. தொண்டை அதிர்ந்தது.

சத்தம் வெளியிலிருந்து வந்தது.

டீச்சர் துணியைப் பார்த்தாள். பிறகு இவளை. மெல்லப் பின்னால் நகர்ந்து கணவர் தோளோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் இங்க இருக்கேன்டி!"

அதுவும் வெளியே.

துணியில் ஒரு முகம் பதிந்தது. மூக்கு. கண்குழிகள். வாய். தையல்காரி தன் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

துணியில் பதிந்த வாய் மூடவில்லை.

"குளிருதுடி," என்றது, அவள் குரலில். "உள்ள இருக்கறது நான் இல்ல. திறடி."

"இருடி, வந்துட்டேன்," என்றாள் டீச்சர்.

கணவர் குனிந்தார். சிரித்தபடியே தையல்காரியின் விரல்களை ஜிப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.