ரயில்வே கேட்டில் நிற்காத வண்டி

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, திண்டுக்கல்லுக்குத் தெற்கே சாத்தியிருந்த ரயில்வே கேட்டில் மோதி ஒச்சப்பன் செத்துப்போனார். கூட்டுறவுச் சங்க மேற்பார்வையாளர். திண்டுக்கல் ஆபீசிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சின்னாளபட்டிக்குப் போய் வருகிறவர். வேகமாக ஓட்டுகிறவர் என்று அவருடைய விரோதிகூடச் சொல்ல மாட்டான். கேட் கீப்பர் கண்டது இவ்வளவுதான்: ஒச்சப்பன் தூரத்திலேயே பிரேக்கை மிதித்தார். பின் சக்கரம் இரும்போடு இரும்பு உரசுகிற மாதிரி கத்தியது. வண்டி நிற்கவில்லை.

மத்தியானத்துக்குள் குற்றவாளி கிடைத்துவிட்டதாகவே ஸ்டேஷனில் எல்லோரும் நினைத்தார்கள். பேகம்பூரில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அக்பர் அலி கையில் விலங்கோடு பெஞ்சு ஓரம் நின்றான். முற்றத்தில் பின் சக்கரம் பிரித்துக் கிடந்தது. டிரம்முக்குள் விரிந்து உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் கட்டை இரண்டும் ரிவிட் தலைகள் பளபளக்கத் தேய்ந்திருந்தன. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒச்சப்பனுக்குப் புதுக் கட்டை போட்டதாக அக்பர் அலி கூலி வாங்கியிருந்தான்.

"போட்டேன்யா. என் கையால போட்டேன்."

"அப்ப இது என்னலே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் பெரியகருப்பன்.

"நான் போட்டது இது இல்லய்யா. வேற என்னத்தச் சொல்றது."

ஏட்டு சடையாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்திட்டா ராத்திரி சப்-ஜெயில்ல படுத்துக்குவான். நமக்கும் வேலை முடியும்யா."

பெரியகருப்பன் டிரம்மின் உட்புறத்தைத் துணியால் துடைத்து விரலை ஓட்டினார். துலக்கிய சொம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. புதிதாக விழுந்த மெல்லிய கீறல் ஒன்றிரண்டு மட்டும் மின்னின. பிறகு முன் சக்கரத்தைப் பார்த்தார். பிரேக் கேபிளைக் கழற்றிச் சுருட்டிக் கட்டியிருந்தது.

"இது எதுக்கு ஏட்டு?"

"ஊர்ல பாதிப்பேரு இப்படித்தான்யா வச்சிருக்கான். முன் பிரேக்கப் பிடிச்சா தலைகுப்புறத் தள்ளிரும்னு சைக்கிள்ல பழகின பயம். எங்க மச்சினனும் கழட்டித்தான் வச்சிருக்கான்."

"பின் பிரேக்கு போச்சுன்னா?"

"போகாதுன்னு ஒரு நம்பிக்கைதான்."

புகார் கொடுத்த நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். ஒச்சப்பனோடு ஒரே ஆபீசில் வேலை. சொந்த ஊர் ஆயக்குடி. இரண்டு பேரும் ஒரே மாதிரி வண்டி ஒரே நாளில் வாங்கியவர்கள். ஆபீஸ் கொட்டகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும்.

"என்ன கண்டீரு?"

"பத்து நாளா அவரு வண்டி பின் சக்கரம் கரகரன்னு அரைச்சுட்டே இருந்ததுங்க. பாயி உங்கள ஏமாத்திப்போட்டான்னு சொன்னேனுங்க. கேக்கலீங்க."

"நீரும் அவன்கிட்டத்தான் வேலை பாப்பீரா?"

"ஆமாங்க. எனக்கும் கட்டை தேஞ்சுபோச்சுங்க. மெட்ராஸ்ல இருந்து ஒரு ஜோடிதான் வந்துது, அது ஒச்சப்பனுக்கு, நீங்க பொங்கல் வரைக்கும் பொறுங்கன்னுட்டான். தேஞ்ச கட்டையோடதானுங்க ஓட்டிட்டிருக்கேன்."

இழவு வீட்டில் ஒச்சப்பனின் மனைவி சண்முகவள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியகருப்பன் வாசலிலேயே நின்று கேட்டார்.

"தாயி, வண்டியில ஏதும் சத்தம் வந்துச்சா?"

"வந்து நிக்கிறதே தெரியாதுங்கய்யா. நான் கதவைத் தொறக்கலைன்னுதான் எப்பவும் ஏசுவாரு."

"நேத்தும் அப்படித்தானா?"

"நேத்து வண்டி ஏது? பெரிய ஆபீசர் கூட ஜீப்புல நத்தம் போயிட்டு, ஜீப்புலயே வந்து எறங்குனாரு. வண்டி கொட்டகையில கெடந்துச்சு. காலையில நடந்துபோய் எடுத்தாரு. அந்த பேகம்பூர்ப் பயலச் சும்மா விடாதீங்கய்யா."

திரும்பி வந்ததும் பெரியகருப்பன் நாச்சிமுத்துவிடம், "கேட்டு வரைக்கும் உம்ம வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போரும்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார். வழியில் ஒரு வெள்ளாடு குறுக்கே பாய்ந்தது. நாச்சிமுத்து காலை அழுத்தினார். வண்டி அடித்து வைத்தாற்போல் நின்றது. ஆடு நிதானமாக ரோட்டைக் கடந்தது.

"போதும். ஸ்டேஷனுக்கே திருப்பும்" என்றார் பெரியகருப்பன்.

நாலேகால் மணிக்கு நாச்சிமுத்துவின் பின் சக்கரத்தையும் பிரித்தார்கள். டிரம்முக்குள் ரிவிட் அறுத்த பள்ளங்கள் வட்டவட்டமாக ஓடின. கட்டைகளோ கனம் குறையாத புதுசு. பள்ளத்துக்கு ஏற்ற வரிகள் அவற்றின் மேல் இப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தன.

"எல்லாரும் கட்டையப் பாத்தோம். டிரம்மப் பாக்கல," என்றார் பெரியகருப்பன். "தேஞ்ச கட்டை பத்து நாள் அரைச்சிருந்தா ஒச்சப்பன் டிரம்மு இந்த மாதிரி உழுது கெடக்கணும். அதுல ஒரே ஒரு தடவை மிதிச்ச கீறல்தான் இருக்கு. மோதுன நேரத்துல இருந்து வண்டி நம்ம காவல்ல. அப்ப நேத்து கொட்டகையில நின்னப்பதான் கட்டை மாறியிருக்கு. அந்தச் சத்தம் உம்ம வண்டிச் சத்தம் நாச்சிமுத்து. அதைத் தூக்கி அவரு வண்டிக்குக் கொடுத்தீரு. தேஞ்ச கட்டைன்னு சொன்ன வண்டி ஆட்டுக்கு முன்னால நின்னதப் பாத்தேன்."

நாச்சிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பொங்கல் வரைக்கும்தானுங்க. புதுசு வந்ததும் திருப்பி மாட்டிப்போடலாம்னு இருந்தேன். நான் ஒட்டன்சத்திரம் ரோட்டுல தக்காளி லாரிக்கு நடுவால தினமும் போறவனுங்க. ரெண்டு தடவை சாகப் பாத்தேன். அவரு மாட்டுவண்டி வேகத்துல போறவரு. அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேனுங்க."

"செத்த பெறகு இவன் மேல ஏன் எழுதிக் கொடுத்தீரு?"



பெரியகருப்பன் குனிந்து நாச்சிமுத்துவின் முன் சக்கரத்தையும் பிரிக்கச் சொன்னார். இதிலும் கேபிள் கழற்றியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட உரசாத கட்டைகள் உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தன. சடையாண்டி ஒன்றை எடுத்துப் பின் சக்கரத்துக் கட்டையின் மேல் வைத்தார். அளவில் மயிரிழை வித்தியாசமில்லை.

நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரைக் கேட்கிறோம் என்றே தெரியாதவர் போல, "முன்னால இருக்கிறது பின்னால சேருமுங்களா?" என்றார்.

சடையாண்டி கட்டையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சு ஓரம் போய் அக்பர் அலியின் விலங்கில் சாவியைப் போட்டார்.

"சேரும்" என்றான் அக்பர் அலி. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாத்தி மாட்டிக் குடுத்திருப்பேன்."