முதல் தண்ணீர்

குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவ்வளவுதான் விஷயம். அதற்காக யாரும் அலறுவதில்லை. ஆனால் அவள் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். விடியற்காலைக் குளிர் ஜன்னல் கண்ணாடியில் புகைபோலப் படிந்திருந்தது. சமையலறைத் தரை பாதத்தைக் கடித்தது. இரவு முழுக்க மண்ணுக்கடியில் சில்லிட்டுக் கிடந்த இரும்புக் குழாயிலிருந்து வரும் தண்ணீர், பல் கூச வைக்க வேண்டிய தண்ணீர், யாரோ கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து துப்பியதைப் போல விரலில் வழிந்தது.

அந்தத் தெருவில் மாடித் தொட்டி கிடையாது. தெருக்குழாயிலிருந்து நேரே சமையலறைக்கு. அதிலும் அவளுடையது கடைசி வீடு. குழாய் அவள் வாசலோடு முடிந்துவிடும். அப்புறம் ஒரு வால்வு, ஒரு மொட்டைச் சுவர்.

நகரக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக அவள் கெமிஸ்ட். கை தானாக வேலைப் பைக்குப் போயிற்று. ஒரு டம்ளர் பிடித்தாள். தெர்மாமீட்டரை விட்டாள்.

முப்பத்தேழு டிகிரி.

குளோரின் இருக்கிறதா என்று காட்டும் மாத்திரையைப் போட்டாள். நல்ல தண்ணீர் என்றால் உடனே ரோஜா நிறம் காட்டும். மாத்திரை கரைந்து அடியில் சுருண்டு படுத்தது. நிறம் வரவில்லை.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு டம்ளர் பிடித்தாள். பதினான்கு டிகிரி. பளிச்சென்று ரோஜா நிறம். பரிசுக்கு அனுப்பலாம் போல அத்தனை சுத்தம்.

அந்த இரண்டு நிமிடம்தான் வாரியத்தின் வேத வாக்கு. மாதிரி எடுக்கும் முன் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். ராத்திரி முழுக்கத் தேங்கிக் கிடந்தது போய், தெருக்குழாயில் ஓடும் தண்ணீர் வந்த பிறகே பாட்டிலை நீட்ட வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான். "முதல் தண்ணி நம்ம தண்ணி இல்லப்பா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இத்தனை பெரிய நகரத்தில், இத்தனை லட்சம் குழாய்களில், முதல் தண்ணீரை இதுவரை ஒருவரும் சோதித்ததில்லை என்பது அன்று காலைதான் அவளுக்கு உறைத்தது.

"அம்மா, அதைக் கொட்டிட்டியா?"

எட்டு வயது மகள் சமையலறை வாசலில் நின்றாள். வீட்டில் அவள் பெயர் சில்வண்டு. வாய் மூடாது. தூக்கத்தில்கூடப் பள்ளிக்கூடக் கதை பேசும்.

"எதை?"

"மொதல்ல வர்ற தண்ணிய. நான்தானே டெய்லி குடிப்பேன். சூடா வரும். நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே குடிச்சிடுவேனே. எங்க டீச்சர்கூட சொன்னாங்க, காலையில சுடுதண்ணி குடிச்சா..."

பேசிக்கொண்டே வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்த விரல்கள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி இருந்தன.

*

கணவன் பெயரில் வாரியத்துக்குப் புகார் போட்டாள். புகார் எண் வந்தது. மறுநாள் காலை அந்தக் காகிதம் அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது. மாதிரி எடுக்கும் ஆள் வீட்டுக்கு வந்தான், குழாயைத் திறந்தான், வாட்சைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றான். முடிவு: திருப்தி. கீழே கையெழுத்துப் போட வேண்டிய கெமிஸ்ட் அவள்.

மாலையில் கணவனின் போன் சிணுங்கியது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் அளியுங்கள்.'

"அஞ்சு போடட்டுமா?" என்றான் கணவன். "புகார் குடுக்கறவளும் நீ, விசாரிக்கறவளும் நீ. உன்னையே உன்னால பிடிக்க முடியலைன்னா நாங்கல்லாம் எங்கம்மா போறது?"

"சிரிக்காதீங்க. எரிச்சலா வருது."

மூன்று முறை புகார் போட்டாள். மூன்று முறையும் திருப்தி.

முப்பத்தேழு டிகிரி இருக்க வேண்டிய சில்வண்டின் உடம்பு முப்பத்தைந்தரை காட்டியது. அப்புறம் முப்பத்தைந்து. டாக்டர் தெர்மாமீட்டரை உதறி உதறி வைத்துப் பார்த்தார். ரத்தம் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. "குளிர் சீசன்மா. ஸ்வெட்டர் போடுங்க" என்றார். பதினோரு வருடம் அவளும் இப்படித்தானே ஊருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குளிரைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. சில்வண்டு பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தாள். முதலில் கதைகளின் முடிவு காணாமல் போயிற்று. பிறகு நடு. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "அம்மா, இன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். எங்கேயோ வைத்த பென்சிலைத் தேடுகிற முகம். அப்புறம் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.

அவள் கேன் தண்ணீர் வாங்கி வைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த வால்வை இறுக்கி மூடி, கைப்பிடியைக் கழற்றித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரு சொட்டு வராது.

மறுநாள் ஐந்தரை மணிக்குச் சமையலறையில் உடை உரசும் சத்தம் கேட்டது.

சில்வண்டு முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். காய்ந்த குழாயின் வாயில் தன் வாயை வைத்திருந்தாள். உறிஞ்சுகிறாள் என்று நினைத்து ஓடிப்போய்த் தோளைப் பிடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

குழந்தை உறிஞ்சவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வேகமாக, விடாமல், பழைய சில்வண்டாக, குழாய்க்குள் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

*

பரிசோதனைக் கூடத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ரப்பர் ஸ்டாம்ப். அவர் மேஜையில் ஒரு பாட்டிலை வைத்தாள். வால்வைத் திறந்து, அன்று காலை பிடித்த முதல் தண்ணீர். எடுத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. பாட்டில் இன்னும் சூடாக இருந்தது.

"தொட்டுப் பாருங்க சார்."

அவர் தொடவில்லை. "ரெண்டு நிமிஷம் விட்டு எடுத்தீங்களா?"

"இல்ல சார். அதுதான் விஷயமே. முதல் தண்ணியில்தான்..."

"ஏம்மா, ஊருக்கே கிளாஸ் எடுக்கிறீங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா? விட்டு எடுக்கலைன்னா இது சாம்பிளே இல்ல. வெறும் தண்ணி."

"என் பொண்ணு இந்த வெறும் தண்ணியத்தான் குடிச்சிருக்கா சார். உடம்பு முப்பத்திநாலுல நிக்குது."

"குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா லீவு எடுத்துக்கோங்க. தரேன்." அவர் எழுந்து, பாட்டிலைத் துணியால் பிடித்து, மூலையிலிருந்த தொட்டியில் கவிழ்த்தார்.

தண்ணீர் கீழே போகவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வடிகால் ஓட்டையின் விளிம்பில் குமிழ்போல் திரண்டு நின்றது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவதுபோல அசைந்தது. பிறகு சரிந்து இறங்கியது.

அவர் அதற்குள் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். "வேற ஏதாவது?"

அவளுக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும்போல் இருந்தது. கதவை மட்டும் அறைந்து சாத்தினாள்.

வாரியம் சோதிக்காதென்றால் போகட்டும். குழாயைக் கழுவ அவளுக்குத் தெரியுமே! அழுக்குத் தண்ணீருக்கு அவர்கள் தொழிலில் ஒரே வைத்தியம்தான். திறந்துவிடு. ஓடட்டும். எல்லாம் போய்ச் சுத்தமாகும். யோசிக்காமல் கை செய்கிற வேலை அது. யோசிக்காமலே ஃபிட்டருக்கு போன் செய்தாள்.

*

மறுநாள் காலை ஏழு மணி. பத்து மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சில்வண்டைச் சேர்க்க வேண்டும். கணவன் அவளை இரண்டு போர்வையில் சுற்றிக் கூடத்தில் மடியில் வைத்திருந்தான். முப்பத்திரண்டு. நடுக்கம்கூட நின்றுவிட்டிருந்தது.

வாசலில் ஃபிட்டர் வால்வுக் குழியின் மூடியைத் தூக்கினார். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெரிந்த மனிதர்.

"மேடம், ஆபீஸ் ஆர்டர் இல்லாம வால்வத் தொட்டா எனக்கு ஓலை வந்துரும். உங்க முகத்துக்காகத் தொடறேன்."

"அண்ணே, திறங்க. முழுசாத் திறங்க."

அவர் முதலில் தன் இரும்புக் கம்பியை எடுத்தார். ஒரு முனையைக் குழாயில் ஊன்றி மறு முனையைக் காதில் வைத்தால், மண்ணுக்கடியில் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். கண்ணை மூடிக் கேட்டார். புருவம் ஏறியது.

"என்ன அண்ணே?"

"கசிவு இல்ல. என்னமோ... பக்கத்து வீட்டுல ரேடியோ பாடுதா மேடம்?"

"இல்லையே. குழாய்ல காத்து அடைச்சிருக்கும். திறங்க."

கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்பேனரை மாட்டினார். அந்தக் கால வால்வு. முழுசாகத் திறக்க முப்பது சுற்று. துருப்பிடித்த இரும்பு முனகிக்கொண்டு திரும்பியது. பத்தாவது சுற்றில் குழாய் இருமியது. இருபதாவது சுற்றில் தண்ணீர் குழியிலிருந்து பீறிட்டுச் சாலையில் விழுந்து, மழைநீர்க் கால்வாயை நோக்கி ஓடியது. குளிர்ந்த தார்மேல் ஆவி பறந்தது. ஈரத்துணியும் பாலும் கலந்த, தூங்கியெழுந்த குழந்தையின் கழுத்து வாசனை தெரு முழுக்கப் பரவியது.

தண்ணீர் சீராக வரவில்லை. விட்டு விட்டு வந்தது. துடித்து வந்தது.

"அம்மாடி, எவ்ளோ நாளா தேங்கியிருக்கு!" என்றார் ஃபிட்டர். "ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சிரும் பாருங்க."

எத்தனையோ வாரம் கழித்து, அப்போதுதான் அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு முழுதாக வெளியே வந்தது. ஒழிந்தது. போகட்டும். வாட்சைப் பார்த்தாள். முப்பது விநாடி. நாற்பது. சும்மா நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்த கம்பியை எடுத்தாள். குழாயில் ஊன்றினாள். காதில் வைத்தாள்.

"...அப்ப அந்தப் பொண்ணு என்ன பண்ணா தெரியுமாம்மா, என் ரப்பரை எடுத்துட்டு, அது தன்னுதுன்னு சொல்றா, நான் விடுவேனா, அதுல என் பேரு எழுதியிருக்கேன்ல, அம்மா, இங்க இருட்டா இருக்கு, அம்மா, யாரோ தள்ளுறாங்கம்மா, வேகமாத் தள்ளுறாங்க, அப்புறம் டீச்சர் வந்து..."

சில்வண்டு.

எல்லாம் இருந்தது. நடு. முடிவு. வீட்டில் காணாமல் போன அத்தனை கதையும்.

குரல் குழாயின் தூரத்திலிருந்து வந்தது. நெருங்கியது. கம்பியைக் கடந்தது.

வெளியே பாய்ந்தது.

"மூடுங்க! அண்ணே, மூடுங்க!"

"என்ன மேடம், இப்பதானே..."

"மூடுங்க!"

ஃபிட்டர் ஸ்பேனரை எதிர்ப்பக்கம் இழுத்தார். ஒன்று. இரண்டு. முப்பது சுற்று மூட வேண்டும். அவளும் சேர்ந்து இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. ஏழு. எட்டு. ஆவி மெலிந்தது. பதினைந்து. துடிப்பு நின்றது. சீரான தண்ணீர். தெளிவான தண்ணீர். அவள் கால்மேல் தெறித்தது.

சில்லென்றிருந்தது.

அவள் ஸ்பேனரை விட்டாள். சாலையோரமாக ஓடினாள். கால்வாயின் இரும்புச் சல்லடை மேல் குப்புற விழுந்து காதை வைத்தாள். கீழே குரல் ஓடிக்கொண்டிருந்தது. அழவில்லை. பேசிக்கொண்டிருந்தது. அடுத்த சல்லடைக்கு ஓடினாள். கேட்டது. அதற்கடுத்தது. மெல்லியதாக. அதற்கடுத்தது. முழங்கால் உரிந்தது. "நில்லுடி! அம்மா இங்கதான்டி!" கீழே யாரும் நிற்கவில்லை. இளஞ்சூடான ஆவி மட்டும் சல்லடை வழியே அவள் முகத்தில் பட்டது. குறைந்தது. போயிற்று.

பின்னால் கணவன் கத்தினான். பெயரில்லாமல், வார்த்தையில்லாமல்.

திரும்பினாள்.

வாசற்படியில் போர்வை விழுந்து கிடந்தது. சில்வண்டு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது, ஏதோ சொல்ல வருவதுபோல.

அந்த வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கணவன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான். விரலிடுக்கில் வழிந்தது. படியில் இறங்கியது. சாலையில் நீண்டு, அவள் கிடந்த இடம் வரை வந்து, உரிந்த முழங்காலைத் தொட்டது.

கண்ணாடி மாதிரி தெளிவாக. சில்லென்று. நிற்காமல்.