கொடி தந்த தண்ணீர்

வெண்மதியின் குடும்பம் தை மாதம்தான் நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தது. பின்பக்கத் தோட்டத்தில், முன்பு இருந்தவர்கள் வளர்த்த திராட்சைப் பந்தல் ஒன்று இருந்தது. கொடியில் ஓர் இலைகூட இல்லை.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வெண்மதி, தினமும் பள்ளி விட்டு வந்ததும் அதற்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள்.

"அக்கா வெறகுக்குத் தண்ணி ஊத்துது!" என்று தம்பி இனியன் சிரித்தான்.

மாசி மாதக் கடைசி ஞாயிறு. அப்பா செங்குட்டுவனுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் இல்லை. கத்தியோடு தோட்டத்துக்கு வந்தார்.

"இதை வெட்டிட்டுக் கொடி கட்டப்போறேன்."

"கொடிதான் ஏற்கெனவே இருக்குதேப்பா!" என்றாள் வெண்மதி.

"இது திராட்சைக்கொடி. நான் சொல்றது துணி காயப்போடுற கொடி."

ஒரு கிளையை வெட்டினார். அதற்குள் அம்மா, "இட்லி ஆறுது, வாங்க" என்று கூப்பிட, கத்தியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

வெண்மதி மட்டும் அங்கேயே நின்றாள். வெட்டுப்பட்ட நுனியில் ஏதோ மினுங்கியது. ஒரு சொட்டு நீர்! அது விழுந்தது. உடனே இன்னொன்று திரண்டது.

அவள் ஓடிப்போய் டம்ளர் எடுத்துவந்தாள். செங்கல் அடுக்கி, நுனிக்கு நேர்கீழே வைத்தாள்.

அப்பா திரும்பி வந்தபோது டம்ளரில் இரண்டு விரல்கடை தண்ணீர்.

"யாரு ஊத்துனது?"

"யாரும் ஊத்தலப்பா. அதுவே சொட்டிகினு இருக்குது. காஞ்ச கட்டையில தண்ணி எப்பிடிப்பா வரும்?"

அப்பா விரலை நீட்டினார். குளிர்ச்சியாக ஒரு சொட்டு விழுந்தது.

"பத்து நாள் வெட்டாதீங்கப்பா."

"அதுக்குள்ள துளிர்க்கலன்னா?"

"நானே கத்தி எடுத்துத் தரேன்."

எட்டு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. இனியன்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டான். அவனும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினான்.

ஒன்பதாம் நாள் கணுக்களில் பஞ்சுபோல ஏதோ புடைத்தது. மறுநாள் காலை அது பிரிந்து, இளஞ்சிவப்பு ஓரத்தோடு குட்டி இலைகள் எட்டிப்பார்த்தன.

வெண்மதி கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடவில்லை. ஏனென்றால் பந்தலடியில் அப்பா ஏற்கெனவே நின்றிருந்தார். ஷிப்டுக்குக் கிளம்பிய உடுப்போடு, அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினாறு... பதினேழு..."

"பதினெட்டுப்பா," என்றாள் வெண்மதி. "அந்த மூலையில ஒண்ண விட்டுட்டீங்க!"