தூர்த்த கிணறு

கிணற்றைத் தூர்த்த நான்காம் நாள் காலை, ஆட்டோவை ஸ்டாண்டுக்கு எடுக்குமுன் பொன்னுதாஸ் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, மண் ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

மூன்று லாரி செம்மண் கொட்டியிருந்தான். மேலே ஏறி நின்று மிதித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, முற்றத்தோடு முற்றமாகச் சமப்படுத்தியிருந்தான். இப்போது அதன் நடுப்பகுதி கிண்ணம்போலக் குழிந்து, விடியவிடியப் பெய்த கர்க்கடக மாதத்து ஆடி மழை அதில் ஒரு துளியும் தேங்காமல் கீழே எங்கோ இறங்கிப் போயிருக்க, ஊறிய தென்னை ஓலையின் நாற்றத்துக்கு நடுவே பச்சை மண்ணின் வாசம் மட்டும் தனியாக மூக்கில் ஏறியது. புதுமண் அமரத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டான். பத்துக் கூடை அள்ளிக் கொட்டிவிட்டு, குன்னத்துகால் சந்திப்புக்குப் போனான்.

போன ஓணம் விடுமுறையில், தொண்ணூற்று மூன்றில், அவர்களுடைய ஒரே மகள் ஷைனி அந்தக் கிணற்றில் விழுந்தாள். ஆறு வயது. கயிற்றில் இறங்கி அவளை மேலே கொண்டுவந்தவன் அவன்தான். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவன் மனைவி சுகிர்தபாய் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளே பார்த்து அரைமணி நேரம் பேசுவாள். என்ன குழம்பு வைத்தாள், ஆடு எத்தனை குட்டி போட்டது, எல்லாம் சொல்லுவாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சி வைக்கப் போய்விடுவாள்.

"பெட்டியில வச்சு அடக்கினோமே. நீயுந்தானே மண்ணு போட்ட?" என்று ஒருநாள் கேட்டான்.

"வெளிய எடுத்ததத்தான் அடக்கினிய. பயந்த பிள்ள இஞ்சதான் கிடக்கு. இருட்டுல்லா? நான் பேசினா உறங்கிருவா."

அதற்குமேல் அவனுக்கு ஸ்டாண்டில் இருப்புக் கொள்ளவில்லை. சவாரிக்கு நடுவே திடீரென்று வீட்டுக்கு வந்து, அவள் வளையல் சத்தம் கேட்கும்வரை வாசலில் மூச்சைப் பிடித்து நிற்பான். வெள்ளறடையிலிருந்து அவள் தம்பி ஜெயதாஸ் வந்தபோது அவனிடம் இதைச் சொல்லிப் பொன்னுதாஸ் அழுதுவிட்டான்.

"அக்கா ஒருநாள் உள்ள சாடிட்டா என்ன செய்வீங்க, அத்தான்?" என்றான் ஜெயதாஸ். "அம்மைக்குச் சொகமில்லன்னு சொல்லி நான் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள தூத்திருங்க. அவளுக்க நல்லதுக்காக்கும்."

அம்மைக்குச் சுகமாகத்தான் இருந்தது. அந்தப் பொய்யை நம்பி, கஷாய மருந்தும் ஒரு சீப்பு ஏத்தம்பழமும் வாங்கிக்கொண்டு சுகிர்தம் பஸ் ஏறினாள்.

ஐந்தாம் நாள் நடுப்பகல். மழை விட்டிருந்தது. சாப்பிட வந்தவன் பின்பக்கம் போனான். முழங்கால் ஆழம் தாழ்ந்திருந்தது. வாழை இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசைக்கு அடியில், வெகு கீழே, யாரோ நிதானமாகத் தேங்காய் துருவுவதுபோல ஓர் ஓசை. ஓரடி முன்னே வைத்தான். நின்றது. திரும்பி நடந்தான். தொடங்கியது. பெருச்சாளி என்றான் வாய்விட்டு. சோற்றில் கை வைக்க முடியவில்லை.

ஆறாம் நாள் சுகிர்தம் திரும்பி வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேரே பின்பக்கம் போனாள். மார்பில் அடித்துக் கதறுவாள், தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று அவன் கையை நீட்டியபடி பின்னால் போனான். அவள் கதறவில்லை. குழிக்குள் இறங்கி, ஈர மண்ணில் காதை வைத்துப் படுத்தாள். வெகுநேரம்.

"முழிச்சிட்டா," என்றாள்.

"சுகிர்தம், உனக்காகத்தான் நான்…"

"மண்ணு கொட்டும்போ அவகிட்ட சொன்னியளா?"

அவனுக்குப் புரியவில்லை.

"இப்பம் மண்ணு கொட்டப்போறேன், பயப்படாத மக்களேன்னு ஒரு வார்த்த. சொன்னியளா?"

அவன் தலை குனிந்தான். அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டவே இல்லை.

அன்றிலிருந்து மண் தாழவில்லை. அவனுக்குப் பெரிய ஆறுதல். சுகிர்தமும் பின்பக்கம் போவதை விட்டாள். நல்லது செய்திருக்கிறோம் என்று ஜெயதாசுக்கு ஆள்மூலம் சொல்லியனுப்பினான். ஆனால் அவள் கட்டிலில் படுப்பதில்லை. முதல்நாள் பாயைப் பின்வாசல் படியருகே விரித்தாள். மறுநாள் அடுக்களையில். அதற்கு மறுநாள் அடுக்களைக்கும் அறைக்கும் நடுவே. ஒவ்வொரு நாளும் சில அடி. படுத்துக்கொண்டு தரையைத் தட்டுவாள், குழந்தையை உறங்கவைக்கும் தாளத்தில்.

"இது என்ன படுக்க?" என்றான்.

"அவளுக்கு வழி தெரியாண்டாமா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. செருப்பில்லாத உள்ளங்காலில், சிமெண்ட் தரை மெல்ல அதிர்ந்தது.

சனிக்கிழமை. பாறசாலை ரயில்நிலையச் சவாரி முடித்து வந்தான். மணி நாலுதான். மேகம் கறுத்து, வீட்டுக்குள் இருள் கட்டியிருந்தது. கரண்ட் இல்லை. பச்சை மண் வாசம். வீட்டுக்குள். அடுக்களையில் பாய் இல்லை. நடையில் இல்லை.

அறையில் இருந்தது.

கட்டில் காலிலிருந்து சுவர்வரை தரை வெடித்திருந்தது. அதன் ஓரத்தில் சுகிர்தம் குப்புறப் படுத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கண்ணீர் வழிந்தது.

"பாருங்க," என்றாள். "பிள்ளைக்க நகமெல்லாம் தேஞ்சு போச்சு."

வெடிப்பில் மூன்று விரல்கள். சின்னவை. செம்மண் அப்பியவை. நகம் இருக்கவேண்டிய இடத்தில் நகம் இல்லை. அவள் சுட்டுவிரலை இறுகப் பிடித்திருந்தன.

ஓட நினைத்தான். பத்து மாதத்தில் ஒருநாளாவது அவன் அந்தக் கிணற்றருகே நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. மண்டியிட்டான்.

"மக்களே," என்றான். "அப்பாவாக்கும்."

விரல்கள் நடுங்கின. ஒவ்வொன்றாக அம்மையின் விரலை விட்டன. உள்ளே போயின.

"போவாத மக்களே! அப்பா ஒண்ணும் செய்யமாட்டாரு!" சுகிர்தம் வெடிப்பில் கையை நுழைத்தாள். நுழையவில்லை. தோல் உரிந்தது. மீண்டும் நுழைத்தாள்.

கீழே சுரண்டும் ஓசை. அவசரமாக.

வெடிப்பின் உள்ளிருந்து ஈரச் செம்மண் மேலே வந்தது. பிடிபிடியாக. உள்ளேயிருந்து ஷைனி அடைத்துக்கொண்டிருந்தாள். இடுக்கு விடாமல். தட்டித் தட்டி.