ஒன்பதாம் அறையின் அனுமதி

அந்தக் குரலை நாங்கள் இருவரும் உண்மையிலேயே கேட்டோமா என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் உண்டு. பன்னிரண்டு மணி நேர வேலையில் பத்தாவது மணிக்குமேல் நடப்பது எதுவும் சரியாக நினைவில் நிற்பதில்லை.

இங்கிலாந்தில், மோர்கம்ப் கடற்கரையில் ஒரு முதியோர் இல்லம். கதவைத் தட்டி, உள்ளிருந்து 'கம் இன்' என்று சொன்ன பிறகுதான் பணிப்பெண்களான நாங்கள் நுழைய வேண்டும். ஒன்பதாம் அறை திருமதி த்வெய்ட் முன்னாள் தலைமையாசிரியை. அந்தச் சொல் வருமுன் உள்ளே காலடி வைத்தால் வெளியே அனுப்பி மறுபடி தட்டச் சொல்வார்.

அன்று காலை அவர் இறந்துபோனார். பனியால் சவ வண்டி தாமதம். மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. உடல் கிடந்த படுக்கையைச் சரிசெய்ய நானும் டோரீனும் போனோம். டோரீன் இருபத்தாறு வருடம் அங்கே உழைத்தவள், வரும் வெள்ளிக்கிழமையோடு அவளுக்குப் பணி ஓய்வு.

டோரீன் கதவைத் தட்டினாள்.

"செத்தவங்க கதவைத் தட்டுறியேடி!"

"பழக்கம், கண்ணு. இன்னிக்கும் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்ல."

உள்ளிருந்து வந்தது.

"கம் இன்."

பொறுமையிழந்த, தெளிவான குரல். நடைவழியில் சாக்பீஸ் தூள் வாசனை.

அவள் கையைப் பிடித்தேன். "போகாத டோரீன். இன்னும் மூணு நாள்தான்."

"கூப்பிட்டுட்டாங்களே," என்றாள் மெதுவாக. "உள்ள போனா கொஞ்சம் உக்காரலாம்."

கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடியிருக்க வேண்டும். ஆனால் தட்டினேன். தட்டிவிட்டு, பழக்கப்படி, அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றேன்.

வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ. சவ வண்டிக்காரர்கள் வந்து கதவைத் தள்ளினார்கள். திருமதி த்வெய்ட் காலையில் கிடத்தியபடியே இருந்தார். டோரீன் ஜன்னலோர நாற்காலியில், காலணிகளைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சில்லை.

திருமதி த்வெய்ட்டை லங்காஸ்டரில் எரித்தார்கள். டோரீனை மறு வெள்ளியன்று புதைத்தோம். வசந்தத்தில் இல்லத்தை மூடினார்கள். நான் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறேன், தனியாக இருக்கிறேன், எந்தக் கதவையும் தட்டுவதில்லை.

நேற்று வேலை முடிந்து, கால் கடுக்க, என் வாசலில் நின்று சாவியைத் தேடினேன். தட்டவில்லை.

"கம் இன், கண்ணு," என்றாள் டோரீன், உள்ளிருந்து.