ஒரு வருடமும் ஒரு நாளும்

"என் புருஷன் என்னைக்குச் செத்தாருன்னு எனக்குத் தெரியணும், இன்ஸ்பெக்டர்," என்றாள் ஈடித் மெட்காஃப். யார்க்‌ஷயரின் கம்பளி ஆலையில் சனிக்கிழமை வேலை முடிந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். தலைமுடியில் நூல் ஒட்டியிருந்தது. "வெள்ளிக்கிழமை விடியக்காலைன்னு அத்தை சொல்றாங்க. நான் அன்னைக்கு மத்தியானம்தான் ஊருக்கு வந்தேன். ஆனா ஆமஸைத் தொட்டுப் பாத்தப்போ, அன்னைக்குக் காலையில செத்த உடம்பு மாதிரி இல்ல, அதுக்கும் ரொம்ப முன்னாலயே சில்லிட்டுப் போயிருந்துது."

இன்ஸ்பெக்டர் ஓல்ட்ராய்ட் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். கான்ஸ்டபிள் டிப்லேடிக்கு வாய் சும்மா இருக்காது.

"தம்பி ரூபன் மண்வெட்டியால அண்ணன் ஆமஸ் மண்டையில போட்டது போன வருஷம் ஜூன் நாலு, ஐயா. அன்னையிலேருந்து ஆமஸ் படுத்த படுக்கைதான். 'எழுந்திரிக்கவே கூடாதுன்னுதான் அடிச்சேன்'னு கோர்ட்டுலயே சொல்லிட்டான். கொலைக்கு வேண்டியது எல்லாம் இருக்கு. சட்டப்படி அடிபட்டவன் ஒரு வருஷம் ஒரு நாளுக்குள்ள செத்திருக்கணும், அது ஒண்ணுதான் பாக்கி. வியாழக்கிழமையோட கெடு முடிஞ்சுது."

"வியாழன்னா தூக்கு. வெள்ளின்னா, காயப்படுத்தினதுக்கு இப்ப அனுபவிக்கிற ஜெயிலோட போச்சு," என்றார் ஓல்ட்ராய்ட். இந்தக் கணக்கு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை மூவரும் மெட்காஃப் குடும்பத்தின் பண்ணைக்குப் போனார்கள். இரண்டு பிள்ளைகளையும் பெற்ற ஹெஸ்டர் மெட்காஃப் தேநீர் கொடுத்தாள். ஓல்ட்ராய்ட் சாவு நேரத்தைக் கேட்டார்.

"டாக்டர்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பாத்தாரே. அவரையே கேளுங்க."

டாக்டர் அவள் சொன்ன நேரத்தைத்தான் எழுதியிருந்தார். ஓல்ட்ராய்ட் தோட்டத்துக்கு நடந்தார். வெள்ளை வர்ணம் அடித்த ஆறு தேனீப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புத் துணி.

"இதை எப்பம்மா கட்டினீங்க?"

"வெள்ளிக்கிழமை காலையில. வீட்டுச் சாவியால பெட்டியைத் தட்டி, 'ஆமஸ் போயிட்டான்'னு சொல்லிக் கட்டினேன். வீட்டுல சாவு விழுந்தா தேனீகிட்டச் சொல்றது ஊர் வழக்கம்தானே?"

"துணி?"

"என் பழைய பாவாடை. கறுப்புச் சாயம் தோய்ச்சேன்."

ஓல்ட்ராய்ட் குனிந்து பார்த்தார். துணியிலிருந்து சாயம் வழிந்து, வெள்ளைப் பலகையில் கறுப்புக் கோடுகளாக அடிவரை இறங்கிக் காய்ந்திருந்தது.

"பனியா இருக்கும், ஐயா," என்றான் டிப்லேடி.

"பனி ஈரமாக்கும். இப்படி ஓட விடாது. ஈரத்தோட கட்டியிருந்தாலும் துணிக்குக் கீழதான் வழியும். துணி இல்லாத மேல்மூடியிலயும் தெறிச்சிருக்கு பார். இது அடிச்சுப் பெஞ்ச மழை. கடைசியா மழை எப்ப?"

டிப்லேடியின் முகம் மாறியது. "வியாழக்கிழமை சாயங்காலம். அதுக்கப்புறம் ஒரு தூறல்கூட இல்ல."

"மழைக்கு முன்னாலயே துணி கட்டியாச்சு. அதுக்கும் முன்னாலயே ஆமஸ் போயாச்சு. இல்லையாம்மா?"

ஹெஸ்டர் ஈரமில்லாத புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குப் போனான். என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனான்."

கேட்டது கிடைத்துவிட்ட ஈடித்துக்கு அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தேனீகிட்ட ஒரு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் ஓல்ட்ராய்ட். போலீஸ்காரர் சொல்லக்கூடாத வார்த்தைதான்; துக்கத்தில் வந்துவிட்டது.

"எப்படிப் பொறுக்கறது? தேனீகிட்ட உடனே சொல்லலேன்னா அந்த வீட்டுல இன்னொரு சாவு விழுமே, ஐயா. எனக்கு ரூபன் ஒருத்தன்தானே மிச்சம்?"

டிப்லேடி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றான். ஓல்ட்ராய்ட் அதை வாங்கி, வியாழக்கிழமை என்று தன் கையாலேயே எழுதினார்.